சத்தம் நின்றது, வண்டி நிற்கவில்லை



வழக்கமாக மார்க்கச் சட்டங்களையும் பிள்ளை வளர்ப்பையும் பற்றி எழுதும் நாம், இம்முறை ஒரு வண்டியின் பிரேக்கைப் பற்றி எழுத அமர்ந்திருக்கிறோம். நமக்கு இயந்திர அறிவு எதுவும் கிடையாது. நாம் செய்த ஒரு தவறு உண்டு. அதை மறைக்காமல் உங்கள் முன் வைத்தால், படிக்கும் குடும்பங்களில் ஒன்றாவது நாளைக் காலை தன் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு செல்லக்கூடும் என்ற ஆசையே இதை எழுதத் தூண்டியது.

தென்காசியில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவுக்கு ஒரு பழைய ஆம்னி வேன் இருக்கிறது. பிள்ளைகளின் போக்குவரத்துக்கென்று ஒரு நல்ல மனிதர் கொடுத்தது. அந்த வகை வண்டிகளின் தயாரிப்பு 2019-இலேயே நின்றுவிட்டது என்றாலும், நம் பக்கத்துச் சாலைகளில் அவை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மாலை மக்தப் முடிந்ததும், தொலைவில் இருந்து வரும் பிள்ளைகளை அதில் ஏற்றி அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவது நம் பொறுப்பு. ஏறியவுடன் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் வாகன துஆ ஓதுவார்கள். அதைக் கேட்கும்போது நம் உள்ளம் குளிரும்.

ஆனி மாதத்தில் சாரல் தொடங்கிய நாட்களில்தான் அந்தச் சத்தம் வந்தது. பிரேக்கை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பின் சக்கரத்திலிருந்து 'கீச்ச்ச்' என்று ஓர் அலறல். தெருமுனையில் நாம் வேகத்தைக் குறைத்தால் திண்ணையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். விசாரித்தவர்களிடமெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது: "சாரல் ஈரம் அசரத், ரெண்டு நாள் வெயில் அடிச்சாப் போயிரும்."

அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது. ஈரக்காற்றில் இரவு முழுவதும் நிற்கும் வண்டியின் பிரேக் டிரம்மில் மெல்லிய துரு படியும். காலையில் இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்ததும் அது உராய்ந்து போய்விடும், அதோடு சத்தமும் போய்விடும். அதில் அஞ்ச ஒன்றுமில்லை. நம் வண்டியின் சத்தமோ காலையிலும் வந்தது, அஸருக்குப் பிறகும் வந்தது. சாரல் ஓய்ந்து ஒரு வாரம் சுள்ளென்று வெயில் அடித்தபோதும் வந்தது. ஆயினும் "ஈரம்தான்" என்ற பதில் நமக்கு வசதியாக இருந்ததால் அதையே பிடித்துக்கொண்டோம்.

அந்த வண்டியில் என்ஜின் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதன் இரைச்சலில் பின் சக்கரத்தின் சத்தம் நமக்குக் கொஞ்சம் மழுங்கியே கேட்கும். பின் இருக்கையில், சக்கரத்திற்கு நேர் மேலே உட்காரும் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. அங்கே ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தினமும் உட்காருவான். ஒருநாள் அவன், "அசரத், வண்டி அழுவுது" என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாளும் சொன்னான். மூன்றாம் நாள், "நேத்தைக்கு விட இன்னைக்குக் கூட அழுவுது அசரத்" என்றான். "பேசாமல் உட்கார், ஓதிக்கொண்டு வா" என்று அதட்டிவிட்டோம். அதன் பிறகு அவன் சொல்வதை நிறுத்திவிட்டான்.

பிள்ளை வாயை மூடிக்கொண்டான். வண்டியின் வாயையும் மூட வேண்டும் என்று நமக்குத் தோன்றியது. கதவுக் கீல் கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம், தையல் இயந்திரம் இறுகினால் எண்ணெய் விடுகிறோம். பிரேக்குக்கும் அதுவே மருந்து என்று நினைத்தோம். சக்கரத்தின் உட்புறத் தகட்டில் ரப்பர் அடைப்பு போட்ட சிறு துளை ஒன்று உண்டு. வீட்டிலிருந்த தையல் இயந்திர எண்ணெய்ப் புட்டியின் மூக்கை அதற்குள் நுழைத்து, இரண்டு பின் சக்கரங்களிலும் தாராளமாகப் பீய்ச்சினோம்.

சத்தம் அன்றே நின்றுவிட்டது. "அல்ஹம்து லில்லாஹ்" என்றோம். பட்டறைச் செலவை மிச்சப்படுத்திவிட்டதாக வீட்டில் பெருமையும் பேசினோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதரஸா விடுமுறை. குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. ஜும்ஆ முடிந்ததும் ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் புறப்பட்டோம். தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர் தொலைவுதான். பேரருவியைத் தாண்டி ஐந்தருவிக்கு இன்னும் சிறிது தூரம் செல்ல வேண்டும். பிள்ளைகள் ஆசைதீரக் குளித்தார்கள். நடுவே தண்ணீர் வரத்து சற்றுக் கூடியபோது காவலர் விசில் ஊதிக் கூட்டத்தை விலக்கினார். நம் பிள்ளைகள் முதல் விசிலிலேயே வெளியே ஓடி வந்துவிட்டார்கள். அதைப் பார்த்து, சொன்ன சொல் கேட்கும் பிள்ளைகள் என்று மகிழ்ந்தோம். எச்சரிக்கைக் குரலைக் கேட்டு நடப்பதில் அந்தப் பிள்ளைகள் நம்மைவிட மேலானவர்கள் என்பது அடுத்த அரைமணி நேரத்தில் விளங்கியது.

திரும்பும் வழியில், சரிவான இடத்தில் ஒரு பழக்கடை. ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கேட்டார்கள். சாலையோரம் வண்டியை நிறுத்தி, கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினோம். கியரில் விடவில்லை, சக்கரத்துக்குக் கல் வைக்கவும் இல்லை. கடைக்காரரிடம் விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு குரல்: "அசரத்! வண்டி போவுது!"

அதே சிறுவன். திரும்பினால், ஏழு பிள்ளைகளுடன் வண்டி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லை. நடையின் வேகத்தில், ஓசையின்றி, சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே ஒரு குடும்பம் சாலையோரம் நின்று முகம் துடைத்துக்கொண்டிருந்தது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினோம். நமக்கு முன்பே பழக்கடைக்காரர் ஒரு பெருங்கல்லைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து முன்சக்கரத்தின் முன் போட்டார். வண்டி கல்லில் ஏற முயன்று ஒரு குலுக்குக் குலுக்கியது. அந்த ஒரு கணத்தில் கதவைத் திறந்து காலால் பிரேக்கை மிதித்துவிட்டோம். வண்டி நின்றது. ஸுப்ஹானல்லாஹ், யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. அதுவரை கைபிரேக்கை மட்டுமே நம்பியிருந்தோம் என்பதை நினைத்தபோது கால்கள் நடுங்கின.

பழக்கடைக்காரர் முஸ்லிம் அல்லர், நம்மை முன்பின் அறிந்தவரும் அல்லர். "பாய், புள்ளைங்களை வச்சிக்கிட்டு இப்பிடி நிப்பாட்டலாமா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல நமக்கு நாவு எழவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பதா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, முதலில் அதைக் கட்டும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. அதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகிறோம். அந்தப் பிள்ளைகளையே ஏற்றிவைத்து, கட்டாத ஒட்டகத்தைச் சரிவில் விட்டுவிட்டுப் பழத்திற்கு விலை பேசியவர் நாம்தாம்.

அன்று முதல் கியரில், நடைவேகத்தில் ஊர் வந்து சேர்ந்தோம். பிள்ளைகளை வண்டியிலேயே அழைத்து வந்திருக்கக் கூடாது, ஆட்டோவில் அனுப்பியிருக்க வேண்டும் என்பது இரவு படுக்கையில்தான் உறைத்தது.

மறுநாள் காலை, செங்கோட்டைச் சாலையில் உள்ள ஒரு சிறு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அங்குள்ள மேஸ்திரி அறுபதைக் கடந்தவர். அம்பாசிடர் கார்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு குற்றாலத்திற்கு வரிசையாக வந்த காலத்தில் தொழில் பழகியவர். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் கார்களின் பழைய வகைகளுக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். ஆதலால் டிரம் பிரேக் அவருக்குக் கைவந்த பாடம். நடந்ததை மறைக்காமல் சொன்னோம். எண்ணெய் விட்ட செய்தி வந்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"அசரத்து, சத்தம்னா நோயாளி முனகுதான்னு அர்த்தம். நீங்க வைத்தியம் பாக்கலை. அவன் வாயில துணிய அடைச்சிருக்கீங்க."

முன்சக்கரங்களுக்கு அண்டக்கல் வைத்தார். கைபிரேக்கை விடுவித்தார். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் இரும்பு முக்காலியின் மேல் உட்காரவைத்தார். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டி உருவினார். உள்ளே இருந்ததைக் காட்டி அவர் விளக்கியதை நமக்கு விளங்கிய அளவில் சொல்கிறோம்.

டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புக் கிண்ணம். பிரான்ஸ் நாட்டு லூயி ரெனோ 1902-இல் கார்களுக்கென்று உருவாக்கிய அமைப்பே இன்றளவும் அடிப்படையில் மாறாமல் இருக்கிறது. கிண்ணத்துக்குள் இரண்டு பிறைகளைப் போலப் பிரேக் ஷூக்கள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றின் வெளிப்புறத்தில் சொரசொரப்பான லைனிங் ஒட்டப்பட்டிருக்கும். பிரேக்கை மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தால் இரண்டு பிறைகளும் விரிந்து கிண்ணத்தின் உட்சுவரை உரசும், சக்கரம் நிற்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங்குகள் அவற்றைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். கைபிரேக்கின் கம்பியும் இதே ஷூக்களைத்தான் விரிக்கிறது. அதனால்தான் நாம் எண்ணெய் விட்ட பிறகும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் புண்ணியத்தால் கால்பிரேக் ஓரளவு வேலை செய்தது. பின் சக்கரங்களை மட்டுமே நம்பிய கைபிரேக் கைவிட்டுவிட்டது.

சரி, உரசுகிற எல்லா பிரேக்கும் ஏன் அலறுவதில்லை? அவர் சொன்ன விளக்கம், கரும்பலகையோடு வாழும் நமக்குச் சட்டென்று புரிந்தது. சாக்கட்டியை ஒரு கோணத்தில் பிடித்து எழுதினால் ஓசையில்லாமல் எழுதும். கோணம் மாறினால் பல் கூசும்படி கிறீச்சிடும். காரணம், சாக்கட்டி வழுக்கிச் செல்லாமல் ஒட்டுவதும் விடுபடுவதுமாக ஒரு நொடியில் பல நூறு முறை துடிக்கிறது. பிரேக் ஷூவும் அப்படித்தான். அது இருக்க வேண்டிய இடத்தில் உறுதியாக இல்லாமல் துடிக்கத் தொடங்கினால், மணி வடிவில் உள்ள டிரம் அந்தத் துடிப்பை வாங்கி ஊருக்கே கேட்கும்படி ஒலிக்கிறது.

நம் வண்டியில் துடிப்புக்கு நான்கு காரணங்கள் இருந்தன. உள்ளே லைனிங் தூள் அடையடையாகப் படிந்திருந்தது. லைனிங்கின் மேற்பரப்பு சூட்டினால் இறுகி, பழைய சிலேட்டைப் போலப் பளபளத்தது. ஷூக்களின் ஓரங்கள் சாய்ந்து நகரும் பின்தகட்டு மேடுகள் கிரீஸ் காய்ந்து துருவேறிக் கிடந்தன. ஷூவை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் ஒன்று தளர்ந்தும் போயிருந்தது. சக்கர சிலிண்டரிலும் அச்சின் சீலிலும் கசிவு உண்டா என்று ரப்பரை விலக்கிப் பார்த்தார். இரண்டும் காய்ந்திருந்தன. உள்ளே வழிந்துகொண்டிருந்த எண்ணெய் முழுவதும் நம் கைங்கரியம்.

"சத்தம் போட்டப்பவே வந்திருந்தா, தூசியத் தொடச்சி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சி, நாலு இடத்துல கிரீஸ் வச்சி முந்நூறு ரூவால அனுப்பிருப்பேன். இப்ப லைனிங் எண்ணெயக் குடிச்சிட்டு. எவ்வளவு கழுவினாலும் சூடேறும்போது திரும்பக் கக்கும். ரெண்டு பக்கமும் புது ஷூதான்."

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்பதால், பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சோடியாகவே மாற்ற வேண்டுமாம். டிரம்மைக் கழுவித் துடைத்து, உட்சுவரில் பள்ளமோ நீள்வட்டமோ விழுந்திருக்கிறதா என்று அளந்தார். அப்படி விழுந்திருந்தால் லேத்துப் பட்டறையில் கடைய வேண்டியிருக்கும். எவ்வளவு வரை கடையலாம் என்ற அளவு டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் என்று காட்டினார். நம் டிரம் தப்பித்தது. உட்சுவரின் பளபளப்பை மட்டும் உப்புத்தாளால் எடுத்தார். புது லைனிங்கின் கூரான முனைகளை அரத்தால் சற்றுச் சாய்வாக இழைத்தார். கிறீச்சிடும் சாக்கட்டியின் முனையை ஒடித்துவிட்டு எழுதுவோமே, அதே வேலை. ஸ்பிரிங்குகளைப் புதிதாக மாட்டினார்.

பிறகு கிரீஸ் டப்பாவை எடுத்தார். சூடு தாங்கும் பிரேக் கிரீஸ். பின்தகட்டு மேடுகள் ஒவ்வொன்றிலும் கடுகளவு வைத்தார். "பாத்தீங்களா, வழுக்கல் வேணும்தான். ஆனா எங்க வைக்கணுமோ அங்கதான் வைக்கணும். புடிக்க வேண்டிய இடத்துல வழுக்கல வச்சா ஆளு போயிருவான்" என்றார். சரிசெய்யும் திருகைத் திருப்பி ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளியைச் சீராக்கினார். ஆளில்லாத சாலையில் பலமுறை மெதுவாக நிறுத்திப் பார்த்தோம். பிறகு ஒரு சரிவில் கைபிரேக் மட்டும் போட்டுச் சோதித்தார். வண்டி அசையவில்லை, சத்தமும் இல்லை. லைனிங்கும் டிரம்மும் ஒன்றுக்கொன்று படியும் வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்குச் சடக்கென்று மிதிக்காமல் ஓட்டச் சொல்லி அனுப்பினார்.

செலவு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். மதரஸா நிர்வாகத்தினர் பொதுநிதியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நம் மனம் ஒப்பவில்லை. அமானிதமாகப் பெற்ற பொருள் தானாகக் கெட்டால் வைத்திருப்பவர் மீது குற்றமில்லை, அவரது வரம்பு மீறலாலோ அசட்டையாலோ கெட்டால் அவரே ஈடு கட்ட வேண்டும் என்பது ஃபிக்ஹுப் பாடத்தில் நாம் நடத்தும் சட்டம். வண்டி தேய்ந்ததால் வந்த முந்நூறு பொதுநிதிக்குரியது, எஞ்சிய ஆயிரத்து ஐந்நூறு நம் எண்ணெய்ப் புட்டிக்குரியது என்று கணக்குப் பிரித்து, அதை நம் சம்பளத்திலிருந்து கட்டினோம். பணத்தை ஈடு கட்டலாம். சரிவில் ஒரு பிள்ளைக்கு ஏதேனும் ஆகியிருந்தால் அதை எந்தச் சம்பளத்திலிருந்து கட்டியிருப்போம்?

இன்னொரு கடனும் பாக்கி இருந்தது. சனிக்கிழமை மக்தபில் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, அந்தச் சிறுவனை அருகில் அழைத்தோம். "நீ மூன்று முறை சொன்னாய். நாம் கேட்கவில்லை, அதட்டினோம். நீ சொன்னதுதான் சரி. மன்னித்துக்கொள்" என்றோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சற்று நேரம் கழித்து, "இப்ப அழுவலையா அசரத்?" என்று கேட்டான். "இல்லை. இனி அழுதால் உடனே சொல்" என்றோம். அன்று முதல் அவன் அந்த வண்டியின் முஅத்தின் போல ஆகிவிட்டான். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றாலும் முதலில் அறிவிப்பவன் அவனே. சில நாள் அது தொல்லையாகவும் இருக்கிறது. ஆயினும் இப்போது அதட்டுவதில்லை.

வாசகர்களே! வண்டி வைத்திருப்போர் மேஸ்திரி சொன்ன சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். காலையில் இரண்டு மூன்று மிதியோடு ஓயும் சத்தம் ஈரத்தால் வருவது. நாள் முழுவதும் தொடர்ந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும். கீச்சுச் சத்தம் கரகரப்பாக மாறினால் லைனிங் தீர்ந்து இரும்பு இரும்பை உரசுகிறது என்று பொருள், அதன் பிறகு வண்டியை எடுக்கவே கூடாது. வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பிரேக் எண்ணெயின் அளவு குறைந்தாலோ கசிவு இருக்கக்கூடும். உள்ளே இருக்கும் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. மழைநாளில் தேங்கிய நீரைக் கடந்து வந்தால் டிரம் நனைந்து பிடிப்பு குறையும். சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்துக் காயவிடுங்கள். சரிவில் நிறுத்தினால் கைபிரேக்கோடு கியரும் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். எந்த நிலையிலும் பிரேக்குக்குள் எண்ணெய் விடாதீர்கள்.

வீட்டிலும் இப்படிச் சில சத்தங்கள் எழும். மனைவி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். முதியவர் இரவில் முனகுவார். சத்தம் நின்றால் போதும் என்று அதட்டியோ, மிட்டாய் கொடுத்தோ, கைப்பேசியைக் கையில் திணித்தோ நிறுத்திவிடுவது எளிது. வீடு அமைதியாகிவிட்டதாக நாமும் மகிழ்வோம். அந்த அமைதி எப்படி வந்தது என்பதை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

இப்போதும் பிள்ளைகள் ஏறியவுடன் வாகன துஆ ஓதுகிறார்கள். அவர்கள் ஓதி முடிப்பதற்குள் நாம் கைபிரேக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்கிறோம். குறையைச் சொல்பவரின் குரலுக்குச் செவிகொடுக்கும் உள்ளத்தையும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணும் நற்பேற்றையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.